அமீனா தாண்டாத வரப்பு

கோர்ட்டு வழக்கைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். தோற்றவன் செத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வென்றவன் எப்படித் தோற்கிறான்? வக்கீல் பீஸும் முத்திரைச் செலவும் அவனைத் தின்றுவிடுகின்றன என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதைவிடப் பரிதாபமான தோல்வி ஒன்று இருக்கிறது. டிக்ரி கையில் இருக்கிறது. நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் பிரதிவாதி குடியிருப்பது வேறொரு ராஜ்யத்தில். அவன் நிலமும் வீடும் இருப்பதும் அங்கேதான். வெயில் காலமானால் அந்த டிக்ரியை வைத்து வாதி விசிறிக்கொள்ளலாம். வேறு உபயோகம் கிடையாது.

கப்பல் ஏறிப் போகும் பெரிய வர்த்தகர்களுக்கு மட்டுமே உரிய சங்கடம் இது என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்கு மேற்கே, வில்லியனூரைத் தாண்டி, மண்ணாடிப்பட்டு கொம்யூனில் சுத்துக்கேணி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஏரி, நெல் வயல், கரும்பு, மாட்டு வண்டித் தடம், இப்போது அதன்மேல் ஓடும் தார் ரோடு. பார்வைக்கு அதற்கும் பக்கத்திலுள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் எந்த வித்தியாசமும் சொல்ல முடியாது. பேச்சு ஒன்று, சாமி ஒன்று, சம்பந்தம் செய்துகொள்வதும் ஒருவருக்கொருவர்தான். ஆனால் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல், அந்தப் பக்கத்து வயல் வரப்புகளில் சில வெறும் வரப்புகளாக இருக்கவில்லை. ஒரு கரையில் பிரிட்டிஷ் மகாராஜாவின் சட்டம். மறு கரையில் பிரெஞ்சுக் குடியரசின் சட்டம். மேற்கே மேய்ந்த மாடு ஒரு சாம்ராஜ்யத்திலிருந்து இன்னொரு சாம்ராஜ்யத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

புதுச்சேரி வட்டாரத்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கைதவறிக் கீழே போட்ட கண்ணாடித் தட்டைப் போல அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. நடுவில் புதுச்சேரி நகரம், தெற்கே பாகூர், மேற்கே வில்லியனூர், வடமேற்கே மண்ணாடிப்பட்டு. இடையிடையே பழைய தென்னார்க்காடு ஜில்லா, அதாவது இன்றைய விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள். 18-ம் நூற்றாண்டில் நவாபுகளின் தயவில் கிராமம் கிராமமாகக் கிடைத்த நிலங்கள் இவை. பின்னர் வெள்ளையர் இருவரும் அடித்துக்கொண்டதில் பல தடவை கை மாறின. கடைசியில் 1814-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கை, 1792 ஜனவரி முதல் தேதியில் பிரெஞ்சுக்காரர்களிடம் என்ன இருந்ததோ அதைத் திருப்பிக் கொடு என்று சொல்லிற்று. 1816-ல் திருப்பிக் கொடுத்தார்கள். பாரிஸிலே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் சுத்துக்கேணியின் வரப்பைக் கண்ணால் கண்டிருக்க நியாயமில்லை. ஆனால் அவர்கள் போட்ட கையெழுத்தினால் அந்த வரப்புக்கு வந்த பலம், கோட்டைச் சுவருக்குக்கூட இருந்ததில்லை.

எப்படி என்று கேட்டால், ஒரு கற்பனை வழக்கைச் சொல்கிறேன்.

1930-ம் வருஷத்தை ஒட்டி புதுச்சேரியில் ஒருவர் பஞ்சாங்கம் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட ஆறு மாதம், அச்சுக் கோக்க இரண்டு மாதம். பஞ்சாங்கம் வெளியான பத்தாம் நாள், எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் எல்லையில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் ஒருவர் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்து, விலையைக் காலணா குறைத்து, வாரச் சந்தையில் விற்றுவிடுகிறார். நம்மவர் புதுச்சேரிக் கோர்ட்டில் பிராது கொடுக்கிறார். பிரெஞ்சுக் குடியரசின் பெயரால் தீர்ப்பாகிறது: பிரதிவாதி செய்தது திருட்டுப் பதிப்பு, இவ்வளவு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியது. பேஷ்! நியாயம் கிடைத்துவிட்டது.

கிடைத்த நியாயம் எல்லைக் கல் வரையில்தான் நடக்கும். புதுச்சேரிக் கோர்ட்டின் அமீனா தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கலாம். அச்சு யந்திரம் ஓடும் சத்தம்கூட அவர் காதில் விழலாம். ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் அவர் அமீனா அல்ல. பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைந்த ஓர் ஆசாமி.

பிரிட்டிஷ் இந்தியாவின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. 1908-ம் வருஷத்துச் சட்டத்தின் 13-வது பிரிவு, அந்நிய தேசத்துத் தீர்ப்பை நம் கோர்ட்டு முடிவானதாக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் டிக்ரியைத் தூக்கிக்கொண்டு நேரே ஜப்திக்குப் போக முடியாது. அந்தத் தீர்ப்பையே ஆதாரமாக வைத்து விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். அதற்குக் காலக்கெடு அந்நாளில் ஆறு வருஷம். அப்படிப் போடும்போது அந்நியத் தீர்ப்பை ஆறு சல்லடைகளில் சலிப்பார்கள். தீர்ப்புச் சொன்ன கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா? வழக்கின் உள்விவகாரத்தை விசாரித்துச் சொன்ன தீர்ப்பா, அல்லது பிரதிவாதி வராததால் போகிறபோக்கில் சொன்னதா? சர்வதேச விதிகளையும், பொருந்தும் இடத்தில் இந்தியச் சட்டத்தையும் மதித்திருக்கிறதா? இயற்கை நியாயப்படி இரு தரப்பையும் கேட்டார்களா? மோசடியால் பெற்ற தீர்ப்பா? இந்நாட்டுச் சட்டத்தை மீறிய ஒரு காரியத்துக்கு அது துணை போகிறதா? ஆறிலும் தேறினால்தான் தீர்ப்புக்கு உயிர்.

பஞ்சாங்கக்காரர் முதல் சல்லடையிலேயே சிக்கிக்கொள்வார். பிரதிவாதி பிரெஞ்சுப் பிரஜை அல்ல. பிரெஞ்சு எல்லையில் குடியிருப்பவனும் அல்ல. புதுச்சேரிக் கோர்ட்டில் வந்து வாதாடவும் இல்லை. அப்படியானால் அவன்மீது தீர்ப்புச் சொல்ல அந்தக் கோர்ட்டு யார்? 1894-ம் வருஷத்திலேயே லண்டன் பிரிவி கவுன்சில் பரீத்கோட் சமஸ்தானத்து வழக்கில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அந்தச் சமஸ்தானத்து ராஜா, தம்மிடம் பொக்கிஷதாராக இருந்து விலகி வேறு சமஸ்தானத்துக்குப் போய்விட்டவர்மீது தம் கோர்ட்டில் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினார். பொக்கிஷதார் அந்தப் பக்கமே வரவில்லை. ராஜா வாங்கிய டிக்ரி அவருடைய சமஸ்தானத்துக்கு வெளியே செல்லாக் காசு என்றது பிரிவி கவுன்சில்.

சரி, இதையே திருப்பிப் பார்ப்போம். திருடன் புதுச்சேரியில் இருக்கிறான். டிக்ரி கடலூர்க் கோர்ட்டில் வாங்கியது. அப்போது நிலைமை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்களின் வழக்கப்படி அந்நியத் தீர்ப்பு ஒன்று உள்ளே வர வேண்டுமானால் அவர்களுடைய கோர்ட்டில் ஓர் அனுமதித் தீர்ப்புப் பெற வேண்டும். 1819-ம் வருஷம் தொடங்கி 1964 வரை, அந்த அனுமதியைக் கேட்டால் பிரெஞ்சு நீதிபதி முழு வழக்கையும் அடியிலிருந்து நுனிவரை மறுபடி விசாரிக்க உரிமை பெற்றிருந்தார். கடலூர் முன்சீப் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய தீர்ப்பு அங்கே வெறும் சாட்சிக் காகிதம்.

ஆங்கிலேயர்கள் இந்த விஷயத்தில் சற்றுத் தாராளம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர்களுடைய தாராளத்துக்கும் ஓர் அளவு உண்டு. 1870-ம் வருஷத்தில் லண்டனில் ஒரே நீதிமன்றம் இரண்டு பிரெஞ்சுத் தீர்ப்புகளைப் பரிசீலித்தது. முதல் வழக்கில் பிரெஞ்சு நீதிபதிகள் ஆங்கிலச் சட்டத்தையே தப்பாகப் புரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் லண்டன் கோர்ட்டு, பிரதிவாதி அங்கே ஆஜராகி வாதாடியவன். தீர்ப்பில் பிழை இருந்தாலும் அவன் கட்டுப்பட வேண்டியதுதான் என்றது. இரண்டாவது வழக்கில் பிரதிவாதிகள் லண்டனில் குடியிருந்த வியாபாரிகள். பிரெஞ்சுக் கோர்ட்டுக்குப் போகவில்லை. பிரான்ஸில் அவர்களுக்குச் சொத்தும் இல்லை. அந்தத் தீர்ப்பு எங்களுக்கு வேண்டாம் என்று அதே கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆக, தீர்ப்பு சரியா தப்பா என்பதைவிட, அதைச் சொன்னவருக்கு இவன்மீது சொல்ல உரிமை இருந்ததா என்பதுதான் பெரிய கேள்வி.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இந்தச் சட்டப் புத்தகங்களையெல்லாம் ஏன் புரட்டினேன் என்று கேட்கலாம். கடல் கடந்த ஒரு பட்டணத்தில் என் நாவல் ஒன்று என்னைக் கேளாமலே அச்சாகி விற்றது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அட்டைப் படம் என் பதிப்பாளர் போட்டதைவிட நன்றாகவே இருந்தது. ஒரு வக்கீல் நண்பரிடம் யோசனை கேட்டேன். "ஸார், சென்னையில் கேஸ் போட்டால் ஜெயிப்பீர்கள். ஜெயித்துவிட்டு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் புதுச்சேரியின் பழைய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது.

எழுத்தாளனின் உரிமைக்கு எல்லை தாண்டும் சக்தி உண்டு. அது 1886-ம் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்விட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி, ஒரு தேசத்து ஆசிரியனின் படைப்பை மற்ற தேசங்களும் தங்கள் ஆசிரியனின் படைப்பைப் போலவே பாதுகாக்க வேண்டும் என்று உடன்படிக்கை செய்தார்கள். பிரான்ஸும் அதில் சேர்ந்தது, பிரிட்டனும் சேர்ந்தது, பிரிட்டனின் வாலைப் பிடித்துக்கொண்டு இந்தியாவும் சேர்ந்தது. ஆகையால் நம்முடைய கற்பனைப் பஞ்சாங்கக்காரர் நேரே விழுப்புரம் போய் அங்கேயே முதலிலிருந்து வழக்குப் போட்டிருக்கலாம். உரிமை அவருக்கு அங்கேயும் உண்டு. ஆனால் வேறு ராஜ்யத்து வக்கீல், வேறு பாஷையில் தஸ்தாவேஜுகள், மொழிபெயர்ப்புக் கூலி, சாட்சிகளுக்கு வண்டிச் சத்தம்! பஞ்சாங்கம் விற்ற லாபம் அதற்குள் பறந்துவிடும். உரிமை எல்லையைத் தாண்டிப் போகும், தீர்ப்பு போகாது. பெர்ன் நகரத்துப் பெரியவர்கள் முதல் காரியத்தைச் செய்தார்கள், இரண்டாவதைத் தொடவில்லை.

இவ்விடத்தில், எல்லையென்பது திருடனுக்கு மட்டும் நிழல் கொடுக்கும் மரம் என்று சொல்லிவிட்டால் நான் நன்றிகெட்டவனாவேன். தமிழ் எழுத்தாளன் எவனும் அப்படிச் சொல்ல முடியாது. 1908-ம் வருஷத்தில் பாரதியார் புதுச்சேரிக்குப் போனாரே, எதற்காக? அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தால் சிறை. அந்தப் பக்கம் போனால் பிரிட்டிஷ் வாரண்டுக்குக் கை எட்டாது. 1910-ல் அரவிந்தரும் அப்படித்தான் வந்தார்; வ. வே. சு. ஐயரும் அப்படித்தான் வந்தார். பாரதியார் 1908 அக்டோபரிலிருந்து 'இந்தியா' பத்திரிகையைப் புதுச்சேரியிலிருந்து நடத்தினார். பிரிட்டிஷ் சர்க்காரால் அச்சுக்கூடத்தைப் பூட்ட முடியவில்லை. ஆனால் பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வராமல் தடுக்க முடிந்தது. வாங்குகிறவன் அங்கே, அச்சடிக்கிறவன் இங்கே. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. 1911-ல் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்ற புத்தகங்களைச் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்தது. எல்லை பாரதியாரின் உடம்பைக் காப்பாற்றிற்று. அவருடைய சாப்பாட்டை எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1918 நவம்பரில் அவர் வரப்பைத் தாண்டினார். கடலூருக்குப் பக்கத்திலேயே கைது செய்து சிறையில் வைத்தார்கள்.

வேறு ராஜ்யத்தின் உத்தரவுகளெல்லாம் கேள்வி கேட்காமல் எல்லை தாண்டி நடக்கும் என்று அன்றைக்கு ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் நமக்குப் பாஞ்சாலி சபதம் கிடைத்திருக்குமா, கண்ணன் பாட்டு கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இதே எல்லையைக் குழந்தைக்குக் கல்யாணம் செய்யவும் உபயோகித்தார்கள். 1930-ல் சாரதா சட்டம் அமலுக்கு வந்ததும், பச்சைப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. ஒரே வரப்பு. அதன் நிழலில் கவிஞனும் ஒதுங்கினான். எட்டு வயதுப் பெண்ணை மணையில் உட்கார வைத்த தகப்பனும் ஒதுங்கினான். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்க வரப்புக்குத் தெரியாது. அந்தக் காரியத்தை நீதிபதிதான் செய்ய வேண்டும். ஆறு சல்லடைகளின் அர்த்தம் அதுதான்.

ஒரே அரசாங்கம் இரண்டு முனைகளிலும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. புதுச்சேரிச் சரித்திரத்திலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்து, நீலச் சாயம் தோய்த்து, கினி என்ற பெயரில் ஆப்பிரிக்காவில் செனகல் தேசத்துக்கு அனுப்பிய துணி மிகப் பிரசித்தம். அங்கே பிசின் வியாபாரத்தில் பணத்துக்குப் பதிலாகவே அது புழங்கிற்று. நல்ல சரக்கு இருந்தால் போலிச் சரக்கு வராமல் இருக்குமா? 1843 மே மாதம் 18-ந் தேதி பிரெஞ்சு ராஜா ஒரு கட்டளை பிறப்பித்துக் கினித் துணி வியாபாரத்தை ஒழுங்குபடுத்தினார். துணிக்கு இன்ன அளவு, இன்ன தரம் என்று வரையறுத்து, அதில் தேறிய துணிக்குப் புதுச்சேரியில் முத்திரை. அந்த முத்திரைக்குச் சமுத்திரங்கள் தாண்டிச் செனகலில் மரியாதை உண்டு. ஏனென்றால் அங்கேயும் பிரெஞ்சுக் கொடி. ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் கடலூரில் அந்த ராஜ கட்டளைக்கு என்ன மதிப்பு? தூரம் என்பது கல் கணக்கில் இல்லை, கொடியின் கணக்கில் இருந்தது.

பிறகு கொடி மாறிற்று. 1954 அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூருக்கு அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் கை தூக்கினார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சுத்துக்கேணி வரப்பு அன்றைக்கே வெறும் வரப்பாகிவிட்டது என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். சட்டம் அவ்வளவு அவசரப்படவில்லை. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பார்லிமெண்டு அதை ஒப்புக்கொண்டு, சட்டப்படி நிலம் கை மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடையில் 1961-ல் ஒரு பஸ் பெர்மிட் வழக்கு புதுச்சேரியிலிருந்து டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. புதுச்சேரி இந்தியாவின் பகுதிதானா என்று கோர்ட்டு சர்க்காரைக் கேட்டது. இன்னும் இல்லை என்று சர்க்கார் பதில் சொல்லிற்று. அப்படியானால் அங்கே எங்கள் கை நீளாது என்று நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது. தபால்காரர் நம்மவர், போலீஸ் நம்மவர், கலெக்டர் ஸ்தானத்தில் இருந்தவரும் நம்மவர். நியாயம் மட்டும் அந்நியம்! சென்னை ஹைகோர்ட்டின் அதிகாரம் புதுச்சேரிக்கு வந்தது 1962-ன் கடைசியில். சிவில் நடைமுறைச் சட்டம் அங்கே நீட்டிக்கப்பட்டது 1968-ல்.

எல்லை மறைந்த பிறகும் பழைய தீர்ப்புக்கு உடனே கால் முளைத்துவிடுவதில்லை. குவாலியர் சமஸ்தானத்துக் கோர்ட்டு 1948-ல், எதிர்க்கட்சி ஆஜராகாமலே சொன்ன ஒரு டிக்ரியை 1951-ல் அலகாபாத்தில் நிறைவேற்றக் கேட்டார்கள். அதற்குள் குவாலியரும் அலகாபாத்தும் ஒரே குடியரசு, ஒரே சட்டம். அப்படியும் 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு, பிறந்தபோது அது அந்நியத் தீர்ப்பு, இன்றைக்கும் அந்நியத் தீர்ப்புதான் என்று முடிவு கட்டிற்று.

இன்றைய உலகத்துக்கு வருவோம். நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1937-ல் சேர்த்த 44-ஏ என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. பரஸ்பர மரியாதை கொண்ட தேசங்கள் என்று சர்க்கார் அறிவித்த நாடுகளின் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளை, நம் ஜில்லா கோர்ட்டு தன் டிக்ரியைப் போலவே நிறைவேற்றலாம். புது வழக்கு வேண்டாம். பிரிட்டன் 1953-ல் அந்தப் பட்டியலில் வந்தது. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2020-ல் சேர்ந்தது. இலங்கை இல்லை. கனடா இல்லை. அமெரிக்கா இல்லை. பிரான்ஸும் இல்லை. பாரிஸ் நகரத்து உச்ச நீதிமன்றம்தான் ஒரு காலத்தில் சுத்துக்கேணிக் குடியானவனின் வழக்குக்கும் கடைசிப் படி. அந்தப் பாரிஸில் தமிழ்க் கடைகளும் தமிழ்க் கோயில்களும் இருக்கின்றன. புதுச்சேரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆனால் அங்கே வாங்கிய பதிப்புரிமைத் தீர்ப்பு ஒன்று இன்றைக்கு வில்லியனூருக்கு வந்தால், 1930-ல் விழுப்புரத்தில் நின்றதைப் போலவே புது வழக்காக நின்றுதான் ஆக வேண்டும். காலக்கெடுவும் ஆறு வருஷத்திலிருந்து மூன்றாகச் சுருங்கிவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கை நடந்தது. செலம் என்ற பிரெஞ்சுக் கம்பெனி, தன் காப்புரிமையை மீறியதாக நாசிக் நகரத்து ஆல்கான் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிமீது வழக்குப் போட்டது. போட்ட இடம் லண்டன். லண்டன் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று ஆல்கான் வாதாடித் தோற்றது. அந்த வாதத்துக்கான செலவுத் தொகையாக 12,429 பவுனும் சில்லறையும் கொடுக்கும்படி 2006-ல் உத்தரவாயிற்று. அந்த உத்தரவு நாசிக் ஜில்லா கோர்ட்டுக்கு வந்து, பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போய், சுப்ரீம் கோர்ட்டில் 2016 டிசம்பரில் முடிவாயிற்று: லண்டன் உத்தரவு இங்கே செல்லும், நிறைவேற்ற வேண்டியதே. பத்து வருஷம்! அதுவும் காப்புரிமை பற்றிய தீர்ப்புக்காக இல்லை, வெறும் கோர்ட்டுச் செலவுக்காக. பட்டியலில் உள்ள தேசத்தின் கதையே இதுவென்றால் பட்டியலில் இல்லாத தேசத்தின் கதையைச் சொல்ல வேண்டுமா? பிரெஞ்சுக் கம்பெனி தன் சொந்த ஊர்த் தீர்ப்போடு வந்திருந்தால் இந்தக் குறுக்குவழிகூட அதற்கு இல்லை.

மற்றொரு பிரெஞ்சுத் தீர்ப்பு நியூயார்க் போயிற்று. பாரிஸ் நகரத்து ஆடை அலங்காரக் கம்பெனிகள், தங்கள் உடைகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்ட ஓர் அமெரிக்க நிறுவனத்தின்மீது 2001-ல் தீர்ப்பு வாங்கின. கம்பெனி ஒன்றுக்கு ஐந்து லட்சம் பிராங்கு. 2005-ல் நியூயார்க் நீதிபதி, பகிரங்கமாக நடந்த காட்சியைப் படம் எடுத்துப் போடுவது எங்கள் நாட்டில் பேச்சுச் சுதந்திரம். இத்தீர்ப்பை நாங்கள் நிறைவேற்ற மாட்டோம் என்றார். 2007-ல் மேல்கோர்ட்டு, அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது, பதிப்புரிமைக்குள்ளேயே நியாயமான உபயோகம் என்று ஒன்று உண்டு, அந்தப் பாதுகாப்பு பிரான்ஸில் எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. வந்து நிற்பது திருட்டைப் பிடிக்கும் தீர்ப்பா, வாயைக் கட்டும் தீர்ப்பா என்பதுதான் அங்கேயும் கேள்வி. புதுச்சேரி வரப்பில் பாரதியாருக்காக எழுந்த அதே கேள்வி.

இந்தக் கேள்வி உலகத்தையே எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தேசத்துச் சிவில் தீர்ப்பை மற்ற தேசங்கள் ஏற்க வேண்டும் என்று 2019 ஜூலை 2-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 2023 செப்டம்பரில் அது அமலுக்கும் வந்தது. எழுத்தாளர்களும் கண்டுபிடிப்பாளர்களும் கைதட்டுவதற்குள் இரண்டாவது ஷரத்தைப் படிக்க வேண்டும். அறிவுச் சொத்து பற்றிய தீர்ப்புகளுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது. கடன் பாக்கி போகலாம், வியாபார நஷ்டம் போகலாம். புத்தகத் திருட்டு மட்டும் வரப்பிலேயே நிற்க வேண்டும். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவும் இல்லை.

வெளியே போக முடியாத கோர்ட்டுகள் இப்போது உள் வாசலை அடைக்கக் கற்றிருக்கின்றன. எங்கிருந்தோ திருட்டுப் படங்களை விநியோகிக்கும் இணையதளங்களை இந்தியாவுக்குள் தெரியாமல் தடுக்கும்படி டில்லி ஹைகோர்ட்டு 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. பெயர் மாற்றி வேறு வேஷத்தில் வந்தாலும் அதே உத்தரவில் சேர்த்துத் தடுக்கலாம் என்றும் வழி செய்தது. திருடனைப் பிடிக்க முடியாத அமீனா ஊர்ச் சாவடியில் கட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல யுக்திதான். ஆனால் இது 'இந்தியா' பத்திரிகையைத் தபாலில் தடுத்த யுக்தியும்தான் என்பதை மறக்கக் கூடாது. கட்டை போடுகிறவர் யார், எதற்காக என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பாரதியார் பாட்டுக்கு மட்டும் இந்தத் தொல்லை ஒழிந்தது. 1949-ல் சென்னை சர்க்கார் அவருடைய பாடல்களின் உரிமையை வாங்கி, 1955-ல் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. பாரிஸிலோ கொழும்பிலோ யார் அச்சடித்தாலும் அது திருட்டில்லை. ஆகவே தீர்ப்பும் வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படிச் செய்ய ஒரு சர்க்காரும் முன்வராது; வரவும் வேண்டாம். மற்றவர்கள் தங்கள் எழுத்தின் கூலியை நம்பித்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

என் கட்சி இதுதான். ஆறு சல்லடைகளை எடுத்துவிடக் கூடாது. அவை இல்லாத உலகத்தில் ஒதுங்குவதற்குக் கவிஞனுக்கு ஒரு புதுச்சேரி கிடைக்காது. ஆனால் இரு தரப்பையும் அழைத்து, அதிகாரம் உள்ள கோர்ட்டு, விசாரித்துச் சொன்ன தீர்ப்பு, ஆறிலும் தேறி நிற்கும்போது, பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுபடி முதல் படியிலிருந்து ஏறச் சொல்வது நியாயமில்லை. தமிழ்ப் புத்தகம் படிக்கிறவர்கள் கொழும்பிலும் டொராண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்களை உத்தேசித்தாவது இந்தப் பட்டியலை நம் சர்க்கார் சற்று நீட்டலாம். அத்துடன், சின்னத் தொகை வழக்குகளுக்குப் பத்து வருஷம் பிடிக்காத ஒரு சுருக்க வழியும் வேண்டும்.

சுத்துக்கேணியில் இன்றைக்கு எல்லை என்றால் பெட்ரோல் விலையும் மதுக்கடைப் பலகையும்தான். சென்னையில் வாங்கிய டிக்ரியை அங்கேயும் நிறைவேற்றலாம், யாரும் தடுப்பதில்லை. அந்த வரப்பில் இப்போது அமீனா தயங்காமல் தாண்டுகிறார். அதற்கு நூற்றைம்பது வருஷமும், ஒரு சுதந்திரப் போராட்டமும், ஓர் உடன்படிக்கையும், பிறகு பதினான்கு வருஷச் சட்டவேலையும் தேவைப்பட்டன. கடல்களின் நடுவே இருக்கும் வரப்புகளுக்கு எத்தனை காலம் ஆகுமோ! அதுவரையில் என் நாவலை அடித்து விற்ற அந்தப் பட்டணத்துப் புண்ணியவான் நிம்மதியாகத் தூங்கலாம்.